மூன்றாம் ஓலையில் எழுந்து நின்ற முதலாளி

ராயபுரத்தில் எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை. நன்மை என்கிற அப்பத்தை வாங்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. ஃபாதர் மைக்கை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு ஓலை வாசிக்க ஆரம்பித்தார்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வரி: எங்களில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு அதைக் கோயிலில் வாசித்துச் சொல்வார்கள். அதுதான் ஓலை. பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம். அன்றைக்கு வாசித்தது எனக்கு. மூன்றாவது, கடைசி ஓலை.

"நமது பங்கைச் சேர்ந்த பிலோமினாவுக்கும், எண்ணூர் பங்கைச் சேர்ந்த சவரிராஜுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் பாதிப் பேர் செருப்பை எந்தப் பக்கம் விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் மார்க்கெட்டில் வஞ்சிரம் தீர்ந்திருக்குமா என்று யோசிப்பார்கள்.

ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை மேலே போனது.

சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. நெற்றி நிறைய திருநீறு. எழுந்து நின்று, கைகூப்பி, கோயிலே அதிரும் குரலில், "ஃபாதர், ஒரு தடை கீது" என்றார்.

அவர் என் முதலாளி தணிகாசலம்.

நூற்றுக்கணக்கான தலைகள் அவர் பக்கம் திரும்பி, அப்படியே என் பக்கம் திரும்பின. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. முப்பத்தாறு வயதில் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்ணைப் பற்றி நினைப்பதற்கு ஊருக்கு ஏற்கெனவே நிறைய இருந்தது. இப்போது ஐம்பது தாண்டிய ஒரு ஆண் எழுந்து நின்று தடை என்கிறார். என் அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"கல்யாணத்தன்னிக்கி கப்பல் லோடு வர்து ஃபாதர். இந்தப் பொண்ணு லீவு போட்டா எடைமேடை அப்டியே படுத்துக்கும். வேற ஒருத்தருக்கும் அந்த மிசினு தெரியாது."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "பூசை முடிஞ்சதும் ஆபீஸுக்கு வாங்க" என்றார். பாடகர் குழு ஒன்றும் புரியாமல் இறுதிப் பாட்டைத் தொடங்கிவிட்டது.

ஒரு பெட்டி, இரண்டு குடித்தனம்

அந்த மிஷின் என்ன என்று சொன்னால்தான் முதலாளி பைத்தியமில்லை என்பது புரியும். அல்லது எல்லோருமே பைத்தியம் என்பது புரியும்.

திருவொற்றியூர் பக்கம் சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட். கம்பியும் தகடும் குன்று குன்றாகக் கிடக்கும். வாயைத் திறந்து பேசினால் நாக்கில் துரு ருசி வரும். அங்கே தணிகாசலத்தின் எடைமேடையில் நான் ஆபரேட்டர். லாரி மேடையில் ஏறி நிற்கும். தகரக் கொட்டகைக்குள் என் கம்ப்யூட்டரில் எடை தெரியும். சீட்டு அடித்துக் கொடுப்பேன். கேட்டால் இதற்கு ஒரு ஆளா என்று தோன்றும்.

எடை காட்டும் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பச்சைப் புல்மேடும் நீல வானமும் படமாக வருமே, அந்தக் காலத்து எக்ஸ்பி. சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் எழுதிய கையோடு துபாய்க்குப் போய்விட்டார். சாஃப்ட்வேரை யாரும் காப்பி எடுக்காதபடி, பெட்டியின் முதுகில் ஒரு பூட்டுத் துண்டு செருகியிருக்கும். அதைப் பிடுங்கினால் எடை போய்விடும். அதைச் செருகும் ஓட்டை புதிய கம்ப்யூட்டர்களில் கிடையாது.

பிறகு ஆன்லைன் பில் வந்தது. பில் இல்லாமல் லாரி ரோட்டில் போக முடியாது. பில் போடும் வெப்சைட்டோ எக்ஸ்பியில் திறக்கவே மாட்டேன் என்றது. அதற்குப் புது விண்டோஸ் வேண்டும்.

"அப்படியானால் இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கினால் போயிற்று" என்று, போன வாரப் பத்தியில் இந்தப் பெட்டியைப் பற்றிப் படித்த ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அம்மா, வாங்கினோம். புத்தம் புதுசு. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சுவரோரம் மேசை போட்டு உட்கார வைத்தோம். அன்று மாலையே ஒரு டாரஸ் லாரி ரிவர்ஸ் எடுத்து, கொட்டகைச் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் மேல் நின்றது. இரண்டடி தள்ளியிருந்த பழைய பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை.

முதலாளி உடைந்த துண்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மூத்தவனுக்கு எளையவன புடிக்கல" என்றார். அதோடு சரி. அந்தக் கொட்டகைக்குள் இரண்டாவது கம்ப்யூட்டர் வரக்கூடாது என்பது முடிவாகிவிட்டது. ஃபோனில் பில் போடலாமே என்றேன். "ஃபோன்ல போட்டா அது பில்லா? மிஸ்டு கால் மாரி" என்றார்.

கடைசியில் மாதவரத்திலிருந்து ஒரு சர்வீஸ்காரர் வந்து வழி சொன்னார். ஒரே பெட்டிக்குள் இரண்டு விண்டோஸும் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் விழித்திருக்கும். பெட்டியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். கீழே நொடிகள் குறைந்துகொண்டே போகும். அதற்குள் அம்புக்குறியைத் தட்டி எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் புதுசு தானாக எழுந்துகொள்ளும்.

அதாவது, லாரி ஏறும். பழசில் எடை போட்டு சீட்டு அடிப்பேன். பழசை அணைப்பேன். புதுசை எழுப்பி பில் போடுவேன். புதுசை அணைப்பேன். அடுத்த லாரிக்குப் பழசை எழுப்புவேன். ஒரு லாரிக்கு இரண்டு தரம். நாள் முழுக்க. வருஷக்கணக்கில்.

ஒரு தரம் அதே சர்வீஸ்காரர், பழசைப் புதுசுக்குள்ளேயே ஒரு ஜன்னல் போல வைத்துவிடலாம், மாற்றவே வேண்டாம் என்றார். வைத்தார். எல்லாம் அழகாக வந்தது. ஆனால் எடை ஒரு வண்டி பின்தங்கி வந்தது. முன்னால் போன வண்டியின் எடை பின்னால் வந்த வண்டிக்கு விழுந்தது. கம்பி ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று காலி மாட்டு வண்டியின் எடையோடு இறங்கியது. டிரைவர் சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார். முதலாளி ஓடிப்போய் முன்னால் நின்று வண்டியை மறித்தார். ஜன்னலை அன்றே மூடிவிட்டோம்.

எங்கள் மேடையில் வேறு வருஷம்

இது போதாதென்று சாஃப்ட்வேருக்கு ஒரு கெடு இருந்தது. ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஓடாது, புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியவர் துபாயில்.

தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால் ஓடும் என்று நானே கண்டுபிடித்தேன். ஆகவே பழைய விண்டோஸில் எப்போதும் ஒரு பழைய வருஷம். கிழமை குழம்பக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தந்த வருஷத்தோடு கிழமைக்குக் கிழமை ஒத்துப்போகிற ஒரு பழைய வருஷமாகத் தேடிப் பிடித்து வைப்பேன். சீட்டில் தேதி சரியாக இருக்கும், கிழமை சரியாக இருக்கும், வருஷம் மட்டும் இருக்காது. அதன் மேல் நடப்பு வருஷத்தை ரப்பர் ஸ்டாம்பால் குத்திக் கொடுப்போம். சாத்தாங்காட்டில் ஒருவரும் இதை விசித்திரமாக நினைத்ததில்லை. "தணிகாசலம் மேடை சீட்டா? வருஷத்த பாக்காத, எடைய பாரு" என்பார்கள்.

புதுசுக்கு இந்த வேலை ஆகாது. அதற்கு இன்றைய தேதி வேண்டும். பழைய வருஷத்தோடு எழுப்பினால் எந்த வெப்சைட்டும் திறக்காது, இணைப்பு பாதுகாப்பில்லை என்று சிவப்பாக எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு தரமும் அணைக்கும் முன் தேதியையும் மாற்ற வேண்டும். லாரி பழைய வருஷத்தில் மேடை ஏறி, புது வருஷத்தில் கீழே இறங்கும்.

இவ்வளவும் மார்க்கெட்டிலேயே எனக்கு மட்டும்தான் கைவந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன். ஆனால் அதனால் எனக்கு லீவு கிடையாது. காய்ச்சலோடு போயிருக்கிறேன். புயல் எச்சரிக்கை அன்று போயிருக்கிறேன். என் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஆட்டோவை மேடைக்குத் திருப்பியிருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரைவர்

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம். எடை போட்ட வண்டி, பில் கைக்கு வராமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது. எடை போட்டுவிட்டு ஓரங்கட்டி நின்ற வண்டிகளிலிருந்து கம்பிக்கட்டுகள் நடந்து போன காலம் ஒன்று உண்டு. அதனால் வண்டி மேடையிலேயே நிற்கும். டிரைவர் கீழே இறங்கி என் ஜன்னல் பக்கம் நிற்பார். பழசு அணைந்து, புதுசு எழுந்து, பில் வரும்வரை அவருக்கு என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

பெரும்பாலும் திட்டுவார்கள். "இன்னாக்கா, இது இன்னா கம்ப்யூட்டரா கல்யாண மண்டபமா? ஒருத்தன் காலி பண்ணாத்தான் ஒருத்தன் வருவானா?" என்று காதர் பாய் தினமும் கேட்பார். காதர் பாய் தண்டையார்பேட்டைக்காரர், மார்க்கெட்டிலேயே வயதில் மூத்த டிரைவர். தினமும் ஒரே கேள்வி, தினமும் நான் சிரிக்க வேண்டும்.

சவரிராஜ், எங்களுக்கு சவரி, திட்டவில்லை. எண்ணூர் நெட்டுக்குப்பத்து ஆள். அப்பா, அண்ணன் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். படகில் ஏறினால் வாந்தி வரும் என்று இவர் மட்டும் ட்ரெய்லர் ஓட்டப் போனவர். முதல் நாள் என்னை அக்கா என்றார். அதற்குப் பிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

பழசு எழும்போது ஒரு சின்ன இசை வரும். புதுசு சத்தமில்லாமல் எழும். அந்த இசை கேட்டால் அடுத்த வண்டிக்காரர் இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். சவரி மட்டும் இசை கேட்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார், தன் முறை முடிந்துவிட்டது என்று.

ஒரு நாள் அவர் வண்டி மேடையில் நிற்கும்போது புதுசு தானாக அப்டேட் போட ஆரம்பித்தது. "அணைக்காதீர்கள்" என்று எழுதிவிட்டு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டன. முதலாளி மூன்று தரம் வந்து வட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

"இது முடிய எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் சவரி.

"தெரியல."

"நான் ஒண்ணு கேக்கணும். கொஞ்சம் நேரம் புடிக்கும்."

"அதான் நேரம் கீதே, கேளுங்க" என்றேன்.

கேட்டார். சரி என்றேன். வட்டம் அதற்குப் பிறகும் வெகுநேரம் சுற்றியது.

கண்ணாடி விசாரணை

இனி பங்கு ஆபீஸுக்கு வருவோம். ஒரு பக்கம் நானும் அம்மாவும் சவரியும். எதிரே முதலாளி, தட்டில் வைத்த பிஸ்கட்டைத் தொடாமல். ஃபாதர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், எதையும் முறைப்படி செய்கிறவர்.

"இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கா?"

"அய்ய, தங்கமான பொண்ணு ஃபாதர்."

"மாப்பிள்ளைக்கு?"

"அவனுக்கு எவன் குடுப்பான்? இவ ஒருத்தி பாவம் பாத்து ஒத்துக்கினா."

"ரெண்டு பேருக்கும் ரத்த உறவு?"

"கெடியாது."

"அப்போ என்னதான் தடை?"

முதலாளி விளக்கினார். எக்ஸ்பி என்றார், பூட்டு என்றார், தேதி என்றார். ஃபாதர் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. முதலாளி மேசையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். ஃபாதருக்கு இரண்டு கண்ணாடிகள், ஒன்று வாசிக்க, ஒன்று தூரத்துக்கு. இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இத்த போட்டா பைபிள் தெரியும், ஜனம் தெரியாது. அத்த போட்டா ஜனம் தெரியும், பைபிள் தெரியாது. ஒண்ண கழட்டாம ஒண்ண மாட்ட முடியாது. எனக்குக் கழட்டி மாட்டறது இந்தப் பொண்ணு ஒருத்திதான்."

ஃபாதர் முகம் சட்டென்று மாறிவிட்டது. அவர் அந்தக் கஷ்டத்தைத் தினமும் பீடத்தில் படுகிறவர். "ரெண்டும் சேர்ந்த கண்ணாடி வருதே, அது மாதிரி ஒண்ணு?" என்றார் அக்கறையாக.

"போட்டுப் பாத்தோம் ஃபாதர். ட்ரெய்லரு மாட்டு வண்டியா தெரிஞ்சிச்சி."

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன் சாமி, என் பொண்ணு கல்யாணமே கண்ணாடிக் கடையில மாட்டிக்கிச்சே" என்று அழ ஆரம்பித்தார். எனக்கு வந்தது அழுகை இல்லை. கோபம்தான். இத்தனை வருஷம் நான் கேட்டது ஒரே ஒரு நாள், அதுவும் என் கல்யாண நாள்.

தேதியைத் தள்ளலாமா என்று முதலாளி கேட்டார். கல்யாணம் திங்கட்கிழமை. அந்தப் புதனோடு ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குகிறது. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. கப்பலைத் தள்ளலாமா என்று ஃபாதர் கேட்டார். கப்பல் நேற்றுச் சாயங்காலமே வந்து நின்றுவிட்டது, சரக்கு இறங்கி அந்தத் திங்கள்தான் மேடைக்கு வரும் என்றார் முதலாளி. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஃபாதர் தீர்ப்புச் சொன்னார். "லீவு கிடைக்கலங்கறது திருச்சபைச் சட்டத்துல திருமணத் தடை கிடையாது. கல்யாணம் நடக்கும். இன்னும் எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள நீங்களே கழட்டி மாட்டக் கத்துக்கோங்க."

நொடிகளைக் கண்டு ஓடியவர்

தணிகாசலம் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. நாற்பது டன் வண்டியை ஒரு விரல் அசைவில் ரிவர்ஸ் எடுக்க வைக்கிறவர். கீபோர்டின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தேதி மாற்றுவதை ஒருவழியாகப் பிடித்துக்கொண்டார், அதுவும் நான் பக்கத்தில் நின்றால். அணைப்பதும் வந்தது. அந்தக் கறுப்புத் திரைதான் வரவில்லை. கீழே நொடிகள் குறைவதைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது. ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படிப்பார். "ஒம்போது! எட்டு! ஏழு!" குரல் ஏற ஏற, வெளியே நின்ற டிரைவர்கள் ஏதோ வெடிக்கப் போகிறது என்று சாலைக்கு ஓடினார்கள். மூன்று வந்ததும் முதலாளியும் எழுந்து அவர்களோடு ஓடிவிட்டார்.

எட்டு நாளும் இதுதான். ஒரு தரம்கூட அவர் பூஜ்ஜியம் வரை உட்காரவில்லை.

ஞாயிறு மாலை பழசை விழிக்க வைத்து, வருஷத்தைப் பின்னால் தள்ளி, எல்லாம் தயாராக விட்டுவிட்டு வந்தேன். "நீ கவலப்படாத பிலோமி, நான் பாத்துக்கறேன்" என்றார். அதைக் கேட்டதும் இருந்த கவலை இரட்டிப்பானது. "எது வந்தாலும் ஃபோன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாவி மூட்டை

கல்யாணத்தன்று என் கையிலிருந்த பூச்செண்டுக்குள் ஃபோனை அதிர்வில் வைத்திருந்தேன். தப்புதான். சவரிக்கு மட்டும் தெரியும்.

பூசை தொடங்கியது. ஃபோன் அதிரவில்லை. வாசகம் முடிந்தது. அதிரவில்லை. பிரசங்கத்தில் ஃபாதர் பொறுமையைப் பற்றிப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை காதில் விழவில்லை. இந்நேரம் எத்தனை வண்டி நிற்கும், ரோடு எதுவரை அடைத்திருக்கும் என்றே மனசு ஓடியது. ஃபோன் வராததுதான் ரொம்பப் பயமாக இருந்தது. கொட்டகையே எரிந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

தாலி மந்திரிக்கும் நேரத்தில் வாசல் பக்கம் சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன்.

காக்கிச் சட்டையும் லுங்கியுமாக டிரைவர்கள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். இருபது முப்பது பேர். முன்னால் காதர் பாய், தலையில் கைக்குட்டை. எல்லோருக்கும் பின்னால், ஆடு மேய்க்கிறவர் மாதிரி, முதலாளி. அவர் கையில் ஒரு மஞ்சப்பை. நடக்க நடக்க அது கலகலவென்று சத்தம் போட்டது. எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்து, எண்ணிப் பார்த்துவிட்டு, கடைசியாகத் தானும் உட்கார்ந்து, நடத்துங்கள் என்று ஃபாதருக்குக் கையைக் காட்டினார்.

மேடையில் யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு கேள்வியோடுதான் நான் தாலி கட்டிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அரிசி தூவுகிறவர்களை விலக்கிக்கொண்டு முதலாளியிடம் போனேன். "மேடையில யாரு?"

"ஒருத்தரும் இல்ல. எல்லா வண்டியும் எடை போட்டாச்சி."

"எப்படி?"

"நீ வுட்ட மாரியே பழசு ஓடிகினு இருந்திச்சி. மொத வண்டி ஏறிச்சி, எடை போட்டேன், சீட்டு வந்திச்சி. அப்பால மாத்தணும். எனக்கு தில்லு வர்ல. சர்தான், எறக்குடா, அடுத்த வண்டிய ஏத்துன்னேன். அப்டியே எல்லாத்தயும் போட்டுட்டேன்."

"பில் இல்லாம மேடைய வுட்டு எறக்கினீங்களா? கம்பிய உருவினா?"

"எவன் உருவுவான்? வண்டிங்கள யார்டுல வுட்டு கேட்ட பூட்டிட்டேன். சாவிங்க இதோ." மஞ்சப்பையை ஆட்டினார். "டிரைவருங்க இதோ. கண்ணு முன்னாடி கீறானுங்க. அப்பால போய் ஒரே ஒரு தபா புதுசுக்கு மாத்துனா எல்லா பில்லும் போட்டுடலாம்."

ஒரே ஒரு தரம். ஒரு வண்டிக்கு இரண்டு தரம் என்று ஆண்டுக்கணக்கில் நான் அணைத்து அணைத்து எழுப்பிய பெட்டியை, நாளுக்கு ஒரே ஒரு தரம் மாற்றினால் போதும். சர்வீஸ்காரருக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றவில்லை, நொடிகளைப் பார்த்துப் பயந்து ஓடுகிற இந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. அதுவும் பயத்தினால். முதலில் எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடுத்து என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

சவரி என் காதோரம் குனிந்து சொன்னார். "நல்ல வேள. இது அவுருக்கு அப்பவே தோணியிருந்தா நான் ஒரு நாளு கூட உன் ஜன்னல்ல நின்னுருக்க மாட்டேன்."

ஒரே வார்த்தையில் தீர்ந்திருக்கும்

மதியம் மண்டபத்தில் பிரியாணி. டிரைவர்களைக் காவலுக்கு என்று என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, முதலாளி சாவி மூட்டையோடு சாத்தாங்காட்டுக்குக் கிளம்பினார். வேலையை முடித்துவிட்டு வந்துதான் சாப்பிடுவேன் என்றார்.

நானும் சவரியும் மணமேடையில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். ஃபோன் அதிர்ந்தது. என் கையில் பரிசுப் பொட்டலம் இருந்ததால் சவரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பிலோமி! நான் உக்காந்துட்டேன்! பூஜ்ஜியம் வரைக்கும் உக்காந்துட்டேன்! புதுசு தானா வந்திச்சி!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஆனா வெப்சைட்டு தொறக்கல. செவப்பா இன்னாமோ வர்து. இன்னா பண்ணட்டும்?"

தேதி. மாற்ற மறந்துவிட்டார். பெட்டி இன்னும் பழைய வருஷத்தில் இருக்கிறது. 'தேதி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து நிமிஷத்தில் எல்லாம் ஓடத் தொடங்கும். அந்த வார்த்தை என் நாக்கின் மேல்தான் இருந்தது. சத்தியமாக வாயைத் திறந்துவிட்டேன்.

எதிரே வரிசையாக டிரைவர்கள். இலைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, என் வாயையே பார்த்தார்கள். நான் சொன்னால் எல்லோரும் எழுந்து வண்டிக்குப் போக வேண்டும். சவரி ஃபோனை என் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

"மொதலாளி," என்றேன். "நான் லீவுல கீறேன்."

அந்தப் பக்கம் சாவி மூட்டை கலகலத்தது.

"அப்ப வண்டிங்க?"

"வண்டிங்களும் லீவுதான்."

"நான் இன்னா பண்றது?"

"கெளம்பி வாங்க. பிரியாணி ஆறிடும்."

காதர் பாய் கையைத் தூக்கி அம்மாவிடம், "யம்மா, இன்னும் ரெண்டு பீஸ் வை. ஓட்டறதுக்கு வண்டி இல்ல" என்றார். மண்டபம் முழுக்க ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. லோடு ஏற்றிய வண்டியை விட்டுவிட்டுப் பட்டப்பகலில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டது வாழ்க்கையில் அன்றுதான் என்று அவர் இப்போதும் சொல்வார்.

முதலாளி ஒரு மணி நேரம் கழித்து வந்தார். சாவி மூட்டையைப் பரிசுகளுக்கு நடுவில் தொப்பென்று வைத்தார். கை கழுவிக்கொண்டு டிரைவர்களோடு பந்தியில் உட்கார்ந்தார். பாதி இலை காலி செய்தார். நான் பரிமாறுகிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"நாளைக்கி வந்துடுவ இல்ல?" என்றார், நிமிராமலே.

"நாளைக்கும் லீவு."

வாயில் வைத்த எலும்பைக் கடிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கடித்தார்.

"சரி" என்றார். "தயிர்ப் பச்சடி வை."